பதினைந்தாவது இடம்

ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் கென்டக்கிப் பக்கத்து வானத்தை நம்பி யாரும் துணி காயப்போட மாட்டார்கள். விடியும்போது புல் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். காலைச் சாப்பாடு முடித்து வெளியே வந்தால் வெயில் முதுகைச் சுடும். மத்தியானம் மேற்கே கறுத்து, குன்றுகளுக்கு அந்தப்பக்கம் இடி உருளும். ஆர்லிஸ் ஸ்டாம்பருக்கு வருஷத்திலேயே கால் தரையில் பாவாத வாரம் இதுதான்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீளமான பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் புகையிலை நாற்று முளைவிட்டிருந்தது. தொட்டித் தண்ணீரில் தெர்மாக்கோல் தட்டுகள் மிதந்தன. குழிக்கு ஒரு நாற்று, கடுகளவு பச்சை. வெயில் ஏறினால் கூடாரத்தின் பக்கத் திரையைச் சுருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் நாற்று வெந்துபோகும். மேகம் வந்தால் இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் விறைத்துப்போகும். சுருட்டுவதும் இறக்குவதுமாக அவர் நாள் முழுக்க நடந்தார். நடுநடுவே சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். அவர் பையன் கோல்பி ரெண்டு வாரமாகக் கூப்பிடவில்லை.

கோல்பி டன்மோர் ஸ்டேட் கல்லூரியில் மூன்றாம் வருஷம். கூடைப்பந்து அணியில் இருந்தான். அணியில் என்றால், பெரும்பாலும் பெஞ்சில். கல்லூரி எங்களுக்கு நாற்பது மைல். இங்கே அதில் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்த அணியைப் பற்றிப் பேசினால் யாரும் ‘அவர்கள்’ என்று சொல்வதில்லை. ‘நாம ஜெயிச்சோம்’, ‘நாம மானத்தை வாங்கிட்டோம்’ என்றுதான் வரும். அணிக்குப் பெயர் நாரைகள். மார்ச்சில் முதல் சுற்றிலேயே தோற்றோம். பழைய பயிற்சியாளரை அனுப்பிவிட்டுப் புதியவரைக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து ஊரில் ஒரே பேச்சு: அடுத்த வருஷத்துக்கு யார் இருப்பார்கள், யார் போவார்கள், யார் வருவார்கள்.

அந்தப் பேச்சு நடக்கிற இடம் பெட்ரோல் பங்கை ஒட்டின பெவர்லியின் சாப்பாட்டுக் கடை. காலையில் சுடச்சுட பிஸ்கெட் ரொட்டியும், தொத்திறைச்சி உதிர்த்துப் போட்ட வெள்ளைக் குழம்பும் கிடைக்கும். பெவ் அடுப்பைப் பார்த்து நின்றாலும் அவள் காது மேஜையில்தான் இருக்கும். ஜன்னலோர மேஜை ரெக்ஸுக்கும் டாய்லுக்கும் உரியது. ரெக்ஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டாய்ல் மாட்டுத்தீவனக் கடைக்காரர். கடையைத் திறந்துபோட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருப்பார்.

அன்றைக்கு மேஜையில் சின்னச் சின்ன ஜாம் டப்பாக்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். திராட்சை ஜாம் நிச்சயமாக இருக்கப்போகிற ஆட்டக்காரன். ஆரஞ்சு, புதிதாக வருகிறவன். ஸ்ட்ராபெர்ரி, சந்தேகத்தில் இருக்கிறவன். அணியில் இருப்பது மொத்தம் பதினைந்து இடம்.

“லித்துவேனியாக்காரன் கையெழுத்துப் போட்டாச்சாம்,” என்றார் டாய்ல். “ஆறடி பதினோரு அங்குலம்.”

பெவ் திரும்பாமலே சொன்னாள். “உயரம் இருந்தாப் போதுமா? உன் கடைக்குப் பின்னாடி தீவனக் கோபுரம் கூடத்தான் உயரமா நிக்குது. பந்து பிடிக்குதா?”

“பிடிப்பான், பிடிப்பான். வீடியோ பார்த்தேன்.”

“வீடியோவுல நான்கூட ஒல்லியாத்தான் இருக்கேன்.”

ரெக்ஸ் ஒரு ஆரஞ்சு டப்பாவை முன்னால் தள்ளினார். “எனக்கு சின்சினாட்டிப் பையன் வந்தாப் போதும். போன வருஷம் நம்ம பசங்க பந்தைக் கொண்டுபோனதைப் பார்த்தீங்கல்ல? மடியில முட்டையைக் கட்டிக்கிட்டு ஐஸ் மேல நடக்கிற மாதிரி.”

“அவன் இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கலய்யா. வர்றதுக்குள்ள பெரிய கல்லூரிக்காரன் எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்,” என்றார் டாய்ல்.

“பஸ் ஓட்டினவன் சொல்றேன் கேளு. எந்தப் பையன் ஏறுவான், எந்தப் பையன் ஏறமாட்டான்னு முகத்தைப் பார்த்தே தெரியும்.”

“ஆமா, அதான் வருஷத்துக்கு ஒருத்தனை ரோட்டுலயே விட்டுட்டு வருவ.”

கதவு மணி அடித்தது. ஆர்லிஸ் உள்ளே வந்தார். பேச்சு சட்டென்று அமுங்கியது. டாய்ல் காப்பியை உறிஞ்சினார். ரெக்ஸ் உள்ளங்கையை ஒரு டப்பாவின் மேல் கவிழ்த்து வைத்தார்.

ரெண்டு மூணு வருஷமாக இப்படித்தான். ஆர்லிஸ் வந்தால் நோயாளியின் சொந்தக்காரர் வந்த மாதிரி எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள். சின்ன வயதிலிருந்து இந்த அணியை நினைத்துத் தூக்கம் கெட்டவர் அவர். யாருக்கு எந்தக் கை பலம், எந்த ஆட்டத்தில் எப்படிக் கோட்டைவிட்டோம் எல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். பையன் அணியில் சேர்ந்த பிறகு அந்த மேஜையில் அவருக்குப் பேச்சே இல்லாமல் போயிற்று.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“கையை எடு ரெக்ஸ்.”

“சும்மா வச்சிருந்தேன்.”

“எடு. அது என் பையன்தானே?”

ரெக்ஸ் கையை எடுத்தார். கீழே ஸ்ட்ராபெர்ரி டப்பா. ஆர்லிஸ் வரிசையை எண்ணிப் பார்த்தார். அது இல்லாமல் பதினாலு இருந்தது.

“கடைசி இடத்துக்கு யார் யாரு?”

“விடு ஆர்லிஸ். வேற பேசுவோம்.”

“யார் யாருன்னு கேட்டேன்.”

டாய்ல் தயங்கிச் சொன்னார். “கோல்பி. அப்புறம் அந்த இண்டியானாப் பையன். தூரத்துலருந்து போடுறானே, அவன்.”

ஆர்லிஸ் டப்பாவைத் தன் பக்கம் நகர்த்தினார். அப்புறம் பேச ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் அடைத்துவைத்தது திறந்துகொண்ட மாதிரி இருந்தது. “இதுல யோசிக்க என்ன இருக்கு? புதுக் கோச் ஓடுற ஆட்டம் ஆட வைக்கிறவரு. கோல்பிக்கு ஓட்டம் பத்தாது. இடது பக்கம் போகவே மாட்டான். முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் எகிறுறது பாதியாப் போச்சு. வளையத்துல பட்டுத் திரும்புற பந்துக்குக் கையை நீட்டுறானே ஒழிய உடம்பைப் போட மாட்டேங்கிறான். நான் கோச்சா இருந்தா இண்டியானாப் பையனைத்தான் எடுப்பேன்.”

டப்பாவை எடுத்தார், தகட்டைக் கிழித்தார், ஜாமை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார்.

பெவ் கரண்டியோடு திரும்பிவிட்டாள். “ஆர்லிஸ், அது உன் பையன்யா.”

“தெரியும்.”

ருசித்துத்தான் சாப்பிட்டார். அதற்குப் பிறகு வெகுநேரம் பேச்சு நடந்தது. லித்துவேனியாக்காரனுக்கு மாற்று யார், பந்தை யார் கொண்டுபோவது என்று அவரே டப்பாக்களை நகர்த்தினார். டாய்ல் மேஜையைத் தட்டிச் சிரித்தார். வண்டியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது அவருக்கு உடம்பு லேசாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் ஆர்லிஸின் மனைவி நோரீன் பெரிய அண்டாவில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். அங்கே கூட வேலை பார்க்கிற க்ளெண்டா, ரெக்ஸின் மனைவி. அவள் சோளரொட்டித் தட்டை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள்.

“நோரீன், நீ இதைப் பார்த்தியா? வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே காட்டிடலாம்னு...”

நாரைகள் ரசிகர்கள் எழுதுகிற இணையப் பக்கம். ரெக்ஸ் அதில் ‘பழைய நாரை’ என்ற பெயரில் நாள்தவறாமல் எழுதுவார். அன்றைக்கு எழுதியிருந்தது: ‘ஸ்டாம்பருக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று அவன் அப்பாவே சொல்லிவிட்டார். அணிதான் முக்கியம் என்று நினைக்கிற நேர்மையான மனிதர். எல்லா அப்பாக்களும் இப்படி இருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம்.’ கீழே நூற்றுக்கணக்கில் பதில்கள். சிலர் கைதட்டியிருந்தார்கள். சிலர் சிரித்திருந்தார்கள். ‘பாவம், பையன் பார்ப்பானே’ என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நோரீன் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிள்ளைகள் சாப்பிட்டுப் போகும்வரை பரிமாறினாள். பெரிய தட்டுகளை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். ஆர்லிஸ் கூடாரத்தில் திரையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நீ பெவ் கடையில என்ன சொன்ன?”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “யார் சொன்னா?”

“உலகமே சொல்லுது. ரெக்ஸ் எழுதிப் போட்டிருக்கான். கோல்பி பார்க்காம இருப்பானா?”

ஆர்லிஸ் கைப்பிடியை விட்டார். பாதி சுருண்ட திரை சரசரவென்று கீழே இறங்கியது.

“கேட்டாங்க, சொன்னேன். பொய்யா சொல்லச் சொல்ற?”

“உன்னை யாரு கேட்டா? அவங்க மூடித்தானே வச்சாங்க, நீதான் திறந்தியாமே, க்ளெண்டா சொன்னா. பேசாம இருந்திருக்கலாமே. வாயில ரொட்டி இருந்துச்சுல்ல?”

“நோரீன், அவங்க பேசுறதுக்கு முன்னாடி நான் பேசினா, அவங்க பேசமாட்டாங்கன்னு...”

“என்கிட்ட அப்படிச் சொல்லாத. உனக்கு அங்க உட்கார்ந்து பேசணும். அதான் வேணும் உனக்கு. நீ அவனுக்கு அப்பனா, அந்த அணிக்கு அப்பனா? ஒண்ணைச் சொல்லிடு, நான் தெரிஞ்சுக்கிறேன்.”

அவர் கைப்பிடியைப் பிடித்துத் திரையை மறுபடி சுருட்ட ஆரம்பித்தார். அவள் உள்ளே போய் கோல்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள்.

அப்புறம் வந்த நாட்களில் வீட்டில் யாருக்கும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஆர்லிஸ் ரெக்ஸைக் கூப்பிட்டுக் கத்தினார். “பெருமையாத்தானேய்யா எழுதினேன், நேர்மையான ஆளுன்னு போட்டேனே,” என்று ரெக்ஸ் நிஜமாகவே குழம்பிப்போனார். ஆர்லிஸ் வேலி பார்க்கப் போவார், பாதியில் திரும்பிவருவார். கல்லூரிக்கே போய்விடலாம் என்று வண்டியில் ஏறி, பெரிய ரோடு வரை ஓட்டி, அங்கே என்ன சொல்வதென்று தெரியாமல் திருப்பிக்கொண்டு வந்தார். நோரீன் சமைத்தாள், இரண்டு பேரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். பெவ் கடைப்பக்கம் அவர் போகவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே காற்று. மத்தியானம் அது வேகமெடுத்து, கூடாரத்தின் மேற்குப் பக்க பிளாஸ்டிக்கை ஆணியோடு பிய்த்தது. ஆர்லிஸ் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தார். மற்ற முனை பாய்மரம் மாதிரி வீங்கி அடித்தது. மழை சாய்வாக உள்ளே இறங்க, தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. அவர் நோரீனைக் கூப்பிட்டுக் கத்தினார். அப்போது அவர் தலைக்கு மேலே நீளமான ஒரு கை வந்து பிளாஸ்டிக்கை இழுத்து இறக்கியது.

“பலகையை எடுப்பா. நான் பிடிச்சுக்கிறேன்.”

கோல்பி. வண்டி வந்த சத்தம் காற்றில் கேட்கவில்லை. ஆர்லிஸ் பலகையை வைத்து ஆணி அடித்தார். பையன் உடம்பு முழுவதையும் சாய்த்துப் பிளாஸ்டிக்கை இழுத்துப் பிடித்திருந்தான். நோரீன் வெளியிலிருந்து மண் மூட்டைகளை அண்டைகொடுத்தாள். மூன்று பேரும் நனைந்து போனார்கள். காற்று கொஞ்சம் தணிந்தபோது, கவிழ்ந்த தட்டுகளை நிமிர்த்தி மறுபடி தண்ணீரில் விட ஆரம்பித்தார்கள். பேச்சு குனிந்தபடியே வந்தது.

“படிச்சியா?” என்றார் ஆர்லிஸ்.

“படிச்சேன். உடை மாத்துற அறையில எல்லாரும் படிச்சாங்க.”

“நான் அப்படி...”

“அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கோச் கூப்பிட்டுச் சொல்லிட்டாருப்பா. அடுத்த வருஷம் இடம் இல்லைன்னு. நல்லவிதமாத்தான் சொன்னாரு.”

நோரீன் வாசலில் நின்றுவிட்டாள். “எங்ககிட்ட ஏன்டா சொல்லல?”

“எப்படிம்மா சொல்றது? இவருகிட்ட சொன்னா, முதல்ல என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும். அந்த இடம் யாருக்குன்னு கேப்பாரு.”

ஆர்லிஸ் வாயை இறுக மூடிக்கொண்டார். தட்டில் சாய்ந்திருந்த ஒரு நாற்றை விரல் நுனியால் நிமிர்த்தினார். இன்னொன்றையும் நிமிர்த்தினார். கூடாரத்தின் மேல் மழை சடசடத்தது. கடைசியில் அடக்க முடியவில்லை.

“யாருக்காம்?”

கோல்பி அவரை வெறித்துப் பார்த்தான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இண்டியானாப் பையனுக்குப்பா. நீ சொன்ன மாதிரியே.”

நோரீன் சிரிக்கவில்லை. ஆர்லிஸின் காது சிவந்துபோயிற்று.

சிரிப்பு நின்றதும் பையன் ஈரக் கையால் முகத்தைத் துடைத்தான். “நீ சொன்னது எல்லாம் சரிதான். ஓட்டம் பத்தாது. இடது பக்கம் வராது. ஒண்ணு மட்டும் தப்பு. எனக்கு முழங்கால் நல்லா இருக்கு. எப்பவோ சரியாயிடுச்சு.”

“பின்ன ஏன்டா எகிற மாட்டேங்கிற?”

“பயம்.”

ஆர்லிஸ் நிமிர்ந்தார்.

“அன்னிக்கு விழுந்தேன்ல, அப்ப உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கு நடுவுல எகிறணும்னா அந்தச் சத்தம் மறுபடி கேட்டுடுமோன்னு உடம்பு தானா நின்னுடுது. டாக்டருக்குத் தெரியல, கோச்சுக்குத் தெரியல. சரி, அவங்களுக்குத் தெரியாது. நீ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தியேப்பா. நாலாவது வரிசையில உட்கார்ந்து என்னையேதான் பார்த்துட்டிருந்த. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்.”

ஆர்லிஸுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கை நீட்டுகிறான், உடம்பைப் போடமாட்டேன் என்கிறான். அதைப் பார்த்ததும், மேஜையில் சொன்னதும் அவர்தான். அது பயம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவேயில்லை.

“தெரியலடா,” என்றார்.

“சரி விடு.”

“இல்ல. நான் ஆட்டத்தைத்தான் பார்த்திருக்கேன்.” கவிழ்ந்த இன்னொரு தட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டார். “அந்தக் கடையில நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது,” என்றார்.

“ஆமா,” என்றான் கோல்பி. “திறந்திருக்கக் கூடாது.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூவரும் உட்கார்ந்தார்கள். பன்றித் தொடைக்கறியும் வேகவைத்த கீரையும் இருந்தன. கோல்பி தன் பெயரை மாற்றுப் பட்டியலில் போட்டுவிட்டதாகச் சொன்னான். வேறு கல்லூரிக்குப் போக நினைக்கிற ஆட்டக்காரர்கள் எல்லாம் அதில்தான் பெயர் கொடுப்பார்கள். மேற்கு வர்ஜீனியா மலைக்குள் ஒரு சின்னக் கல்லூரி, பிரையர்ஸ் ஃபோர்க் என்று பெயர். அங்கிருந்து மட்டும்தான் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பயிற்சியாளர் வீடியோ பார்த்துவிட்டுப் போனில் முதலில் கேட்டது, ‘தம்பி, எப்ப விழுந்த?’ என்பதாம்.

“கேள்விப்பட்டதே இல்லையே அந்தப் பேரை,” என்றார் ஆர்லிஸ்.

“இனிமே கேள்விப்படுவ,” என்றாள் நோரீன். கீரையை அவர் தட்டில் கொஞ்சம் வேகமாகவே போட்டாள்.

மே மாசம் நாற்று நட்டார்கள். ஆகஸ்டில் கோல்பி அறுப்புக்கு உதவிவிட்டு, கை முழுக்கப் புகையிலைப் பிசினோடு மலைக்குப் போனான். லித்துவேனியாக்காரன் வந்தான், சின்சினாட்டிப் பையன் வரவில்லை. ரெக்ஸ் ஒருநாள் கூடாரத்துக்கே வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “நான் எழுதினதை எடுத்துட்டேன். ஆனா வேற நாலு பேரு காப்பி எடுத்து வச்சிருக்கானுங்க,” என்றார். ஆர்லிஸ் அவருக்கு ஒரு சம்மட்டியைக் கொடுத்து வேலிக்கம்பம் அடிக்க வைத்தார். அப்புறம் காலைகளில் மறுபடியும் கடைக்குப் போனார். யாராவது ஒரு ஆட்டக்காரனை உதவாக்கரை என்று சொன்னால் முன்போல உடனே சேர்ந்துகொள்ளவில்லை, “அவன் எந்த ஊருப் பையன்?” என்று கேட்டார். பெவ்வுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், பிரையர்ஸ் ஃபோர்க்கின் முதல் ஆட்டம். அதே நேரம் டன்மோரிலும் நாரைகளின் முதல் ஆட்டம். ஆர்லிஸ் தன் நாலாவது வரிசை டிக்கெட்டை டாய்லிடம் கொடுத்துவிட்டு, நோரீனோடு மலை ரோட்டில் வண்டி ஓட்டினார். அவள் வயிறு புரட்டுகிறது என்று கண்ணை மூடியபடியே வந்தாள். விளையாட்டரங்கம் எங்கள் ஊர் ஏலச்சந்தைக் கொட்டகை அளவுதான். பாதி பெஞ்சு காலி. வாசலில் ஒரு அம்மாள் கடலைச் சூப்பு விற்றுக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்ததும் ஆர்லிஸ் போனில் நாரைகள் ஆட்டத்தின் வர்ணனையைப் போட்டு, ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார்.

“வெட்கமா இல்ல உனக்கு?” என்றாள் நோரீன்.

“ஒரு காதுதானே. கண்ணு ரெண்டும் இங்கதான் இருக்கு.”

முதல் பாதியில் கோல்பி நன்றாகவும் ஆடவில்லை, மோசமாகவும் ஆடவில்லை. பின்வரிசையில் சுரங்கத் தொப்பி போட்ட ஒருத்தர் பக்கத்திலிருந்தவரிடம், “கென்டக்கியிலருந்து வந்த நெட்டைப் பையன் அடக்கமா ஆடுறான், பந்துகிட்டகூட மரியாதை,” என்றார். ஆர்லிஸின் தோள் இறுகியது. திரும்பவில்லை. “நாரை ஆறு பாயிண்ட் முன்னாடி இருக்கு,” என்று நோரீனிடம் முணுமுணுத்தார்.

இரண்டாம் பாதியில் பந்து வளையத்தில் பட்டு உயரே எழும்பியது. கீழே எதிரணியின் இரண்டு தடியன்கள் நின்றார்கள். நடுவில் கோல்பி. அவன் முழங்கால் மடங்குவதை ஆர்லிஸ் பார்த்தார். எகிறினான். மூன்று உடம்புகள் மோதின. அவன் பக்கவாட்டில் விழுந்த சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஆர்லிஸ் எழுந்துவிட்டார். முன் பெஞ்சின் சாய்மானத்தை இரண்டு கையாலும் பிடித்தார். நோரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். தரையில் கோல்பி உட்கார்ந்தான். முழங்காலைத் தொட்டுப் பார்த்தான். ஏதோ ஒன்றைக் காது கொடுத்துக் கேட்கிறவன் மாதிரி கொஞ்சநேரம் அசையாமல் இருந்தான். அப்புறம் எழுந்தான். அவனை இடித்ததற்காகக் கொடுத்த இரண்டு தனி எறிகளையும் கோட்டில் நின்று வளையத்துக்கு வெளியே போட்டான். சுரங்கத் தொப்பிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடுத்த முறை பந்து எழும்பியபோது அவன் மறுபடியும் எகிறினான். அதற்கடுத்த முறையும் எகிறினான்.

“நாரை எத்தனை?” என்று நோரீன் கேட்டாள்.

“என்ன?”

“அங்க ஸ்கோர் என்னன்னு கேட்டேன்.”

“தெரியல.”

“காதுல தானே வச்சிருக்க.”

“வச்சிருக்கேன்,” என்றார் ஆர்லிஸ், ஆட்டக்களத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பின்னாலிருந்து சுரங்கத் தொப்பிக்காரர் சத்தம் போட்டார். “யோவ், உட்காருய்யா. ஒண்ணுமே தெரியல.”

நோரீன் திரும்பி, தன் கோட்டையும் பையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் பண்ணினாள்.

“நீங்க இங்க வந்து உட்காருங்க,” என்றாள். “அவரு இப்போதைக்கு உட்கார மாட்டாரு.”